கல்லும் கணக்கும்



ஒரு வரலாற்று ஆசிரியரின் நினைவாக அவருடைய பிள்ளைகள் ஏற்படுத்திய அறக்கட்டளையின் பொழிவு இது. பொருள் எதுவானாலும் சான்று காட்டிப் பேச வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை என்று அழைப்புக் கடிதத்தில் எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரிதான் இன்றைய தலைப்பை எனக்கு எடுத்துக் கொடுத்தது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் வரலாறு கற்பித்தவன் நான். ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர்களைத் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அழைத்துப் போவது வழக்கம். ஓய்வு பெறுவதற்கு இரண்டாண்டு முன்பு அப்படிப் போயிருந்தபோது, நந்தி மண்டபத்தைத் தாண்டி வந்து விமானத்தை அண்ணாந்து பார்த்த ஒரு மாணவன் என் அருகில் வந்தான். "ஐயா, நெசமாவே இத மனுசங்கதான் கட்டினாங்களா?" என்று கேட்டான். விளையாட்டாகக் கேட்கவில்லை. வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தவர்கள் உதவியில்லாமல் இவ்வளவு பெரிய கற்களை ஏற்றியிருக்க முடியாது என்று கைப்பேசியில் ஒரு காணொளி பார்த்திருக்கிறான். அவன் கேள்வியில் வியப்பு இருந்தது. அது மதிக்க வேண்டிய வியப்பு. கூடவே ஒரு அவநம்பிக்கையும் இருந்தது. நம்மைப் போன்ற மனிதர்கள் கையால் இது ஆகியிருக்காது என்ற அவநம்பிக்கை. நின்ற இடத்தில் நான் சொன்ன பதில் போதாது என்று இன்றுவரை எண்ணி வருகிறேன். அந்தப் பதிலை முழுமையாகச் சொல்லிப் பார்ப்பதே இந்தப் பொழிவு.

ஐயம் பிறந்த விதம்

இந்தக் கருத்துக்கு உலகம் முழுக்க வாசகர்களைத் தேடித் தந்தது 1968இல் வெளிவந்த ஒரு புத்தகம். சுவிட்சர்லாந்தில் ஓட்டல் மேலாளராக இருந்த எரிக் ஃபான் டானிக்கென் ஜெர்மன் மொழியில் எழுதியது. எகிப்தின் பிரமிடுகள், பசிபிக் கடலில் உள்ள ஈஸ்டர் தீவின் சிலைகள், பெரு நாட்டின் நாஸ்கா சமவெளிக் கோடுகள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, வானிலிருந்து வந்த அறிவுமிக்க உயிர்கள் பண்டை மனிதருக்குத் துணை நின்றிருக்க வேண்டும் என்று வாதிட்டார். பின்னால் வந்த தொலைக்காட்சித் தொடர்களும் காணொளிகளும் பெரும்பாலும் அந்த வாதத்தின் பிள்ளைகள்தான்.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். இந்தப் பேரண்டத்தில் வேறு எங்காவது உயிர் உண்டா என்பது நல்ல கேள்வி. அறிவியலாளர்கள் பொறுப்போடு ஆராயும் கேள்வி. அதற்கும் நம் தலைப்புக்கும் பகையில்லை. நம் கேள்வி வேறு: இங்கே, நம் கண்முன் நிற்கும் இந்தக் கட்டடங்களை எழுப்பியது யார்?

வேற்றுக்கிரக வாதத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரே ஒரு நகர்வுதான்: "எப்படிச் செய்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை, ஆகவே அவர்களால் செய்திருக்க முடியாது." நமக்கு விளங்காததெல்லாம் நடக்க முடியாததாகிவிடுமா? என் பாட்டி கைமுறுக்கு சுற்றுவதை எத்தனையோ நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இன்றுவரை எனக்கு வரவில்லை. வராதது என் கைக்குத்தான். முறுக்கு அவர் கையில் பிறந்ததுதான்.

எகிப்தில் கிடைத்த வேலைக் குறிப்பு

வாதத்தின் தலைமை வழக்கையே எடுத்துக்கொள்வோம். கெய்ரோவுக்கு அருகில் கீசா மேட்டில் நிற்கும் பெரிய பிரமிடு. கி.மு. 26ஆம் நூற்றாண்டில் கூஃபு என்ற அரசனுக்காக எழுந்தது. கட்டியபோது உயரம் ஏறத்தாழ 146 மீட்டர். அடிப்பக்கம் ஒவ்வொன்றும் சுமார் 230 மீட்டர். கற்கள் சுமார் 23 லட்சம். ஒரு கல்லின் சராசரி எடை ஏறத்தாழ இரண்டரை டன்.

இந்த எண்களைக் கேட்டதும் மலைப்பு வருகிறது. மலைப்பை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கூஃபுவின் ஆட்சி ஏறத்தாழ 27 ஆண்டுகள் என்று கொள்வோம். 23 லட்சம் கற்களை 27 ஆண்டுகளின் நாள்களுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 233 கற்கள். இருபது பேர் கொண்ட ஒரு குழு நாள் முழுவதும் பாடுபட்டு ஒரே ஒரு கல்லைக் கொண்டுவந்து சேர்க்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். 233 குழுக்கள், 4,660 ஆட்கள். பெரும்பாலான கற்கள் பிரமிடுக்குத் தெற்கே, அதே மேட்டில், சில நூறு மீட்டர் தொலைவில் வெட்டப்பட்டவை. கல் உடைப்பவர், தளம் போடுபவர், படகோட்டி, கருவி தீட்டுபவர், சமைப்பவர் எல்லாரையும் சேர்த்தால் இருபதாயிரம், இருபத்தைந்தாயிரம் பேர் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. நம் ஊர்ப் பெரிய தேர்த்திருவிழா ஒன்றில் இதைவிட அதிகம் பேர் கூடுகிறார்கள். அத்தனை பேரைப் பல ஆண்டுகள் ஒரே வேலையில் நிறுத்திச் சோறு போட வல்ல அரசு இருந்ததா என்பதுதான் உண்மையான கேள்வி.

இருந்தது. அதற்கு எழுத்துச் சான்று உண்டு.

செங்கடல் கரையில் வாடி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் கூஃபு காலத்துத் துறைமுகம் ஒன்று உண்டு. பிரெஞ்சு ஆய்வாளர் பியேர் தாலே தலைமையில் அங்கே அகழ்ந்தவர்களுக்கு 2013இல் பப்பைரஸ் ஏடுகள் கிடைத்தன. எழுத்துள்ள பப்பைரஸ் ஏடுகளில் இதுவரை கிடைத்தவற்றுள் இவையே மிகப் பழையவை. அவற்றில் மெரெர் என்ற மேற்பார்வையாளரின் அன்றாட வேலைக் குறிப்பு இருக்கிறது. அவர் கீழே சுமார் நாற்பது பேர். நைல் ஆற்றின் எதிர்க்கரையில் உள்ள தூரா என்ற இடத்தில் வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றி, ஆற்றிலும் கால்வாயிலும் கொண்டுவந்து கீசாவில் இறக்குவது அவர்கள் வேலை. பிரமிடின் வெளிப்பரப்புக்குப் போர்த்திய கல் அது.

அந்தக் குறிப்பில் வீரமும் இல்லை, விந்தையும் இல்லை. இன்று கல் ஏற்றினோம், இன்று படகு விட்டோம், இரவு இன்ன இடத்தில் தங்கினோம், மறுநாள் கல் இறக்கினோம், திரும்பினோம் என்ற போக்கிலேயே பக்கங்கள் நகர்கின்றன. பத்து நாளைக்கு இரண்டு மூன்று நடை. வேலையின் ஒரு கட்டத்துக்கு மேலாளராக அரசனின் மாற்றாந்தாய்ச் சகோதரன் அன்க்ஹாஃப் இருந்ததையும் அது சொல்கிறது. கூடவே கிடைத்த வேறு ஏடுகளில் ஆட்களுக்கு வந்த உணவுப் பொருள்களின் வரவுக் கணக்கு. நம் ஊரில் வீடு கட்டும் கொத்தனாரின் பாக்கெட் நோட்டில் "மணல் ரெண்டு லோடு, டீக்காசு நாப்பது" என்று இருக்குமே, அதே குணம் கொண்ட எழுத்து. நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழமை மட்டும் கூடுதல்.

பிரமிடுகளுக்குத் தெற்கே, கீசாவில் பிரமிடு கட்டிய ஆட்கள் வாழ்ந்த ஊர் ஒன்றையே மார்க் லேனர் என்ற தொல்லியலாளர் பல ஆண்டுகள் அகழ்ந்தார். அப்பம் சுட்ட அடுப்படிகள், அப்ப அச்சுப் பானைகள், படுத்துறங்கிய நீண்ட கூடங்கள், குவியல் குவியலாக மாட்டெலும்பும் ஆட்டெலும்பும் மீன் முள்ளும் கிடைத்தன. 1990இல் ஒரு குதிரையின் கால் இடறியதில் மண்செங்கல் சுவரொன்று தெரிய, அந்த வேலையாட்களின் இடுகாடும் வெளிப்பட்டது. எலும்புகளை ஆராய்ந்தபோது முதுகெலும்பும் மூட்டுகளும் பாரத்தில் தேய்ந்திருந்தன. முறிந்த கைகள் கட்டுப்போட்டு நேராகக் கூடியிருந்தன. கால் துண்டிக்கப்பட்ட பிறகும் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர் எலும்பும் கிடைத்தது. கல் தூக்கியவன் முதுகு தேய்ந்தது. அவன் கை முறிந்தபோது ஒருவர் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டார். பிரமிடைக் கட்டியது யார் என்பதற்கு அந்த முதுகெலும்பைவிட நேரான சாட்சியம் எனக்குத் தெரியவில்லை.

பாரம் நகர்ந்த விதம்

"ஆள் இருந்தது சரி, ஐம்பது டன் கல்லை எப்படி நகர்த்தினார்கள்?" என்று அடுத்த கேள்வி வரும். நியாயமான கேள்விதான். பிரமிடின் உள்ளே அரசனின் அறைக்கு மேல் கிடக்கும் கருங்கல் உத்தரங்கள் பல பத்து டன் எடை கொண்டவை. நைல் வழியே சுமார் 800 கிலோமீட்டர் தெற்கே உள்ள அஸ்வானிலிருந்து வந்தவை.

இதற்கும் எகிப்தியரே விடை வரைந்து வைத்திருக்கிறார்கள். கி.மு. 1900ஆம் ஆண்டையொட்டி வாழ்ந்த ஜெஹுதிஹோதெப் என்ற அதிகாரியின் கல்லறைச் சுவரில் ஒரு ஓவியம். உட்கார்ந்த நிலையில் ஒரு மாபெரும் சிலை. எடை சுமார் 58 டன் இருக்கும் என்று கணிக்கிறார்கள். மரச் சறுக்குவண்டி மேல் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருக்கிறது. கயிறு உரசிக் கல் தேயாதிருக்க இடையில் மெத்தென்று ஏதோ வைத்திருக்கிறார்கள். 172 பேர் நான்கு வரிசையாக நின்று இழுக்கிறார்கள். சிலையின் முழங்கால் மேல் ஒருவர் நின்று கைதட்டித் தாளம் கொடுக்கிறார். சறுக்குவண்டியின் முன்நுனியில் இன்னொருவர் குடத்திலிருந்து தரையில் நீர் வார்க்கிறார்.

அந்த நீர் வார்ப்பைப் பலர் சடங்கு என்றே எடுத்துக்கொண்டார்கள். 2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் மணலை வைத்துச் சோதித்தார்கள். உலர் மணலில் இழுத்தால் வண்டிக்கு முன்னால் மணல் குவிந்து தடுக்கிறது. அளவாக நனைத்தால் மணல் இறுகித் தரைபோல் நிற்கிறது. இழுக்க வேண்டிய விசை ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது. தண்ணீர் கூடினாலும் கெட்டது, குறைந்தாலும் கெட்டது. ஓவியத்தில் குடம் ஏந்தி நிற்பவர் வேலை தெரிந்தவர். இருநூறு பேரின் உழைப்பை நூறு பேர் உழைப்பாக்கியவர்.

கற்களை மேலே ஏற்றிய சாய்தளம் நேராக இருந்ததா, வளைந்து ஏறியதா என்பதில் அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். 2018இல் ஹத்னூப் என்ற பழைய கற்சுரங்கத்தில், கூஃபு காலத்தைச் சேர்ந்த செங்குத்தான சாய்தளம் ஒன்று அறிவிக்கப்பட்டது. இருபுறமும் படிக்கட்டு, படியோரம் மரக்கம்பம் நட்ட குழிகள். கயிற்றைக் கம்பத்தில் சுற்றி, படியில் நின்றவர்களும் சேர்ந்து இழுத்திருக்கிறார்கள். வாதம் எல்லாம் எந்த வழி என்பதைப் பற்றித்தான். வழி மனிதருடையதா என்பதில் அந்த அறிஞர்களுக்குள் வாதமே இல்லை.

நம் மண்ணில் இதற்கு நாம் புதிதாகச் சாட்சி தேட வேண்டியதில்லை. திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம். இன்று பின்னாலிருந்து இயந்திரமும் தள்ளுகிறது என்றாலும், வடம் பிடிப்பவர் மக்கள். அந்தத் தேரைத் திருப்புவது எது? முட்டுக்கட்டை. சக்கரத்தின் கீழ் சரியான கணத்தில் சரியான பக்கம் ஒரு மரக்கட்டையைச் செருகுகிறவரை வீதி முனையில் நின்று கவனித்துப் பாருங்கள். அவர் கையளவு மரம் நகரும் மலையொன்றைத் திசைமாற்றுகிறது.

கல்லைப் பிளப்பதையும் ஒருமுறை அருகிருந்து பார்த்தேன். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கற்பாறைத் தரை. அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் சுண்ணாம்பில் கோடு இழுத்து, கோட்டின் மேல் ஒரு சாண் இடைவெளியில் உளியால் குழி பொளிந்தார். குழிக்கொரு இரும்பு ஆப்பு. பிறகு சம்மட்டியை எடுத்து, முதல் ஆப்பில் ஒரு தட்டு, அடுத்ததில் ஒரு தட்டு என்று வரிசையாகப் போய்த் திரும்பி வந்தார். ஓங்கி அடிக்கவேயில்லை. ஏன் என்று கேட்டேன். "அவசரப்பட்டு ஒண்ண மட்டும் ஓங்கி அடிச்சா கல்லு கோணப் பொளந்துரும் சார். எல்லா ஆப்பும் ஒண்ணா எறங்கணும்" என்றார். நாலைந்து சுற்று போயிற்று. கணீரென்று இருந்த ஓசை மெல்ல மந்தமாகியது. அவர் கையை நிறுத்தி என்னைச் சற்று விலகி நிற்கச் சொன்னார். ஒரு மூச்சு நேரம். பிறகு கோட்டின் நெடுக ஒரு மயிரிழை ஓடியது. பாறை அப்பம்போல் இரண்டாயிற்று. பிளந்த முகத்தில் கைவைத்தேன். குளிர்ந்து, சமமாக இருந்தது. ஓசையைக் கேட்டே கல்லின் தரத்தை ஆண் கல், பெண் கல் என்று பகுத்த சிற்ப மரபு எங்கிருந்து வந்தது என்று அன்று எனக்குப் புரிந்தது.

தவறுகளே கைநாட்டு

ஒரு கட்டடத்தை மனிதர் கட்டினாரா என்று அறிய நான் மாணவர்களுக்குச் சொல்லும் எளிய வழி ஒன்று உண்டு: அதற்கு முன்னால் கட்டிக் கெட்டவற்றைத் தேடுங்கள். எட்டாத அறிவோடு வானிலிருந்து இறங்கியவர் எடுத்த எடுப்பிலேயே சரியாகச் செய்திருப்பார். மனிதர் கற்றுக்கொண்டுதான் செய்வார். கற்ற தழும்பு எங்காவது தெரியும்.

எகிப்தில் அது தெரிகிறது. கூஃபுவுக்கு ஏறத்தாழ நூறு ஆண்டு முன்பு, ஜோசர் என்ற அரசனுக்காக இம்ஹோதெப் எழுப்பியது படிப்படியாக ஏறும் பிரமிடு. அடுத்து கூஃபுவின் தந்தை ஸ்னெஃபெரு. அவர் காலத்து மெய்தூம் பிரமிடின் வெளிப்போர்வை சரிந்து, நடுக்கூறு மட்டும் இன்று கோபுரம்போல் நிற்கிறது. தஹ்ஷூரில் அவர் கட்டிய அடுத்த பிரமிடு சுமார் 54 பாகைச் சரிவில் தொடங்கியது. பாரம் தாங்காத அறிகுறி தெரிந்ததும் பாதி உயரத்தில் சுமார் 43 பாகையாகக் குறைத்துவிட்டார்கள். அதனால் இடுப்பு ஒடிந்ததுபோல் அது வளைந்து நிற்கிறது. மூன்றாவதை அடியிலிருந்தே 43 பாகையில் எழுப்பினார்கள், நிலைத்தது. தந்தை காலத்தில் கற்ற அந்தப் பாடத்தின் மேல்தான் மகனின் பெரிய பிரமிடு நிற்கிறது.

அஸ்வானில் இன்னொரு பாடம் படுத்துக் கிடக்கிறது. ஏறத்தாழ 42 மீட்டர் நீளமும் ஆயிரம் டன்னுக்கு மேல் எடையும் கொண்ட ஒற்றைக்கல் தூண். முக்கால் வாசி வெட்டிய பிறகு பாறையில் விரிசல் கண்டு கைவிட்டுவிட்டார்கள். அதைச் சுற்றி, கடினமான டோலரைட் கல் உருண்டைகளால் இடித்து இடித்துக் குழித்த தடங்கள் வரிசை வரிசையாக இறங்குகின்றன. ஒவ்வொரு குழியும் ஒரு ஆள் குந்தி உட்கார்ந்து வேலை செய்த இடத்தின் அளவு.

தமிழகத்திலும் இந்தப் படிவரிசை உண்டு. 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் ஒரு குடைவரை எடுத்து, செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் இதைச் செய்தேன் என்று கல்வெட்டில் பெருமிதத்தோடு பதித்தான். மாமல்லபுரத்தில் பிடாரி ரதங்களையும் வலையன்குட்டை ரதத்தையும் பாருங்கள், முடிவுறாமல் நிற்கின்றன. அங்கே சில பாறைகளில் கட்டம் கட்டமாகப் பள்ளம் இழுத்து, கட்டங்களைப் பெயர்த்துப் பெயர்த்து உள்ளே போன முறை கண்ணுக்குத் தெரிகிறது. பிறகு காஞ்சிக் கைலாசநாதர் கோயில் கட்டுமானம். அதன் பின் நார்த்தாமலை போன்ற இடங்களில் சிறு கற்றளிகள். மண்டகப்பட்டிலிருந்து தஞ்சைக்கு வந்து சேர ஏறத்தாழ நானூறு ஆண்டு. தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய தொழில். பெரிய கோயிலை மட்டும் தனியே பார்ப்பவருக்கு அது வானத்திலிருந்து இறங்கியதுபோல் தோன்றுவது இயல்பு. ஏறி வந்த படிகளை அவர் பார்க்கவில்லை.

தஞ்சையில் எழுதியிருப்பது

அந்த மாணவனின் கேள்விக்கு வருகிறேன். விமான உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்று சொல்லாதவர் இல்லை. அது ஒரே கல் அன்று. பல துண்டுகளை இணைத்து அமைத்த சிகரம் என்று வரலாற்று ஆய்வாளர் குடவாயில் பாலசுப்ரமணியன் விளக்கியிருக்கிறார். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பதும் அப்படியே. மாலையில் போய் நின்றால் நிழல் விழுவதைக் காணலாம். இப்படி இல்லாத அதிசயங்களைச் சொல்லிச் சொல்லி, இருக்கிற அதிசயத்தை மறைத்துவிடுகிறோம். கருங்கல்லே கிடைக்காத வண்டல் நிலத்துக்கு வெளியிலிருந்து கல் கொண்டுவந்து, 200 அடிக்கு மேல் ஓங்கிய விமானத்தை 1010இல் முடித்தார்களே, அது போதாதா?

இதைவிடப் பெரிய செய்தி சுவரிலேயே இருக்கிறது. இந்தக் கோயிலைக் கட்டியது யார் என்பதையே நாம் ஒரு காலத்தில் மறந்திருந்தோம். கரிகாலன் கட்டியதாகத் தலபுராணம் சொல்லிற்று, மக்களும் நம்பினார்கள். 1886இல் சென்னை அரசின் கல்வெட்டு ஆய்வாளராகப் பொறுப்பேற்ற ஜெர்மன் அறிஞர் ஹுல்ஷும், பின்னர் கல்வெட்டறிஞர் வெங்கையாவும் அந்தக் கல்வெட்டுகளைப் படியெடுத்து, படித்துப் பதிப்பித்த பிறகே ராசராசன் பெயர் ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற்றது. அந்த எழுத்து அதுவரை ஒளிந்திருக்கவில்லை. நூற்றாண்டுக்கணக்கில் கைக்கெட்டும் உயரத்தில், பகல் வெளிச்சத்தில் இருந்தது. படிப்பாரைத்தான் காணோம். படிக்க மறந்த இடத்தில் கதை வந்து உட்கார்ந்துகொள்கிறது. அன்று வந்தது தலபுராணக் கதை. இன்று வருவது வேற்றுக்கிரகக் கதை.

படித்தால் என்ன இருக்கிறது? ராசராசனின் 25ஆம் ஆட்சியாண்டு 275ஆம் நாளில் விமானத்துக்குச் செப்புக் கலசம் கொடுத்த செய்தி இருக்கிறது. வீரசோழன் குஞ்சரமல்லனான ராசராசப் பெருந்தச்சன், மதுராந்தகனான நித்தவினோதப் பெருந்தச்சன், இலத்தி சடையனான கண்டராதித்தப் பெருந்தச்சன் என்ற பெயர்கள் இருக்கின்றன. தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயர்களும், எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதும், ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்பதும் இருக்கின்றன. கணக்கர், தச்சர், கன்னார், தட்டார், தையற்காரர், குயவர், சலவை செய்பவர், நாவிதர் என்று அந்தக் கோயில் நடக்கத் தேவையான கைகளெல்லாம் வரிசையாக நிற்கின்றன. அரசனின் பட்டப்பெயரைத் தாங்கிய நாவிதரும் உண்டு: ராசராசப் பெருநாவிசன். மெரெரின் ஏட்டில் பார்த்த அதே குணம் இங்கும் இருக்கிறது. நாள், பெயர், அளவு, கூலி. மனிதர் வேலை செய்த இடத்தில் கணக்கு இருக்கும்.

யாரை ஐயுறுகிறோம்?

இந்த வாதத்தை நான் வெறும் தகவல் பிழை என்று விட்டுவிடாததற்கு ஒரு காரணம் உண்டு. இந்த ஐயம் எல்லார் மேலும் ஒரே அளவில் விழுவதில்லை. பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தை வேற்றுக்கிரகவாசிகள் கட்டினார்கள் என்று பெரிதாக யாரும் வாதிட்டு நான் கேட்டதில்லை. ஐயம் பெரும்பாலும் எகிப்தின் மேலும் பெருவின் மேலும் தீவுகளின் மேலும் நம் மேலும்தான் விழுகிறது.

ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதியில் பெரிய சிம்பாப்வே என்ற நகரின் இடிபாடுகள் உண்டு. சுதை பூசாமல் அடுக்கிய கற்சுவர், சில இடங்களில் 11 மீட்டர் உயரம். 1871இல் அதைப் பார்த்த கார்ல் மவுக் என்ற ஜெர்மன் பயணி, பைபிளில் வரும் ஷேபா அரசியோடு அதைத் தொடர்புபடுத்தினார். ஆப்பிரிக்கர் கட்டியிருக்க முடியாது என்ற எண்ணமே அடிப்படை. 1905இல் ராண்டல்-மக்கைவரும், 1929இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சனும் முறையாக அகழ்ந்து, அது அந்த மண்ணின் மக்கள் கட்டியதே என்று காட்டினார்கள். ஆனாலும் வெள்ளையர் ஆட்சி முடியும்வரை பழைய கதையை அதிகாரம் விடவில்லை. 1980இல் விடுதலை பெற்ற நாடு தன் பெயராகவே அந்தக் கற்சுவரின் பெயரைச் சூட்டிக்கொண்டது. கட்டியவர் யார் என்பது எவ்வளவு பெரிய கேள்வி என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

ஈஸ்டர் தீவில் இன்னொரு விதம். அந்தத் தீவின் ராப்பா நூயி மக்கள், சிலைகள் சுரங்கத்திலிருந்து நடந்து வந்தன என்று தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். வெளியார் அதைப் பழங்கதை என்று ஒதுக்கினார்கள். டெரி ஹன்ட், கார்ல் லிப்போ என்ற ஆய்வாளர்கள் 4.35 டன் எடையில் ஒரு சிலை செய்து, மூன்று கயிறு கட்டி, 18 பேரை நிறுத்தினார்கள். இடமும் வலமும் மாறி மாறி இழுக்க, நின்ற நிலையிலேயே சிலை அசைந்து அசைந்து நடந்தது. விடையை அந்த மக்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். கேட்பதற்குத்தான் வெளியாருக்கு மனம் வரவில்லை.

கடன்

நிறைவாக, எனக்கு உறுத்தும் ஒன்றையும் சொல்ல வேண்டும். மனித ஆற்றலைப் புகழும்போது, அந்த ஆற்றலை யார் யாரிடம் வாங்கினார்கள் என்பதை மறக்கக் கூடாது. பெருந்தச்சர் பெயர் சுவரில் இருக்கிறது. கல் சுமந்தவர், சாரம் கட்டியவர், வண்டி இழுத்த மாட்டுக்குத் தண்ணீர் காட்டியவர் பெயர் இல்லை. மெரெரின் பெயர் கிடைத்தது. அவர் கீழே உழைத்தவர்களில் பெரும்பாலோர் பெயர் கிடைக்கவில்லை. விரும்பிச் செய்தவர் எத்தனை பேர், அடிபட்டுச் செய்தவர் எத்தனை பேர் என்று அந்தத் தேய்ந்த எலும்புகள் பிரித்துச் சொல்லாது. அவர்களுக்குக் கூலி குறைவாகக் கிடைத்திருக்கலாம், பெயர் கிடைக்கவேயில்லை. இன்று வேற்றுக்கிரகவாசிகளுக்குப் பட்டம் சூட்டுகிறவர்கள், அந்த உழைப்பாளிகளிடம் மிச்சமிருந்த கடைசிச் சொத்தான 'செய்தவர்' என்ற உரிமையையும் பறிக்கிறார்கள்.

அதனால் மாணவர்களே, ஒரு வேண்டுகோள். பெரிய கோயிலுக்குப் போனால் உச்சியை அண்ணாந்து பாருங்கள், வியந்துகொள்ளுங்கள். பிறகு கழுத்தை இறக்கி, அடித்தளமான அதிட்டானத்தின் எழுத்துகளுக்கு அருகே போய் நில்லுங்கள். அந்த எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஓராண்டு முயன்றால் எழுத்துக்கூட்டிப் படிக்க வந்துவிடும்.

அன்று என்னைக் கேட்ட அந்த மாணவனை அப்படித்தான் சுவரருகே கூட்டிப்போனேன். ஒரு சொல்லைக் காட்டி மெல்லப் படிக்கச் சொன்னேன். 'த' என்றான், 'ச்ச' என்றான், தயங்கித் தயங்கி 'தச்சன்' என்று கூட்டிவிட்டான். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவனுடைய அப்பா தச்சு வேலை செய்பவர் என்று பேருந்தில் திரும்பும்போது சொன்னான்.